பயிற்சி மருத்துவரும் வருமான வரியும்

சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் இரயிலில் மேல்மருவத்தூரை அடுத்து வருவது அச்சரப்பாக்கம். திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. முப்புரங்களை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்காமல் தேரேறினார் என்றும், தேரின் அச்சு இவ்விடத்தில் இற்றது என்றும், ‘அச்சு இறு பாக்கம்’ என்ற பெயரே நாளடைவில் அச்சரப்பாக்கம் ஆயிற்று என்றும் தலபுராணம் கூறும். உலகத்தையே தேர்த்தட்டாகக் கொண்ட தேரும் ஓர் அச்சு முறிந்ததால் நின்றுவிட்டது.

அவ்வூருக்கு அருகில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் பெரியவர் ஒருவர், சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு கத்தைத் தாள்களுடன் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் மருத்துவப் பட்டம் பெற்று, ஒரு கல்லூரியில் எம்.டி. பட்டமேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். மாதம் 45,000 ரூபாய் உதவித்தொகை என்பது ஏட்டுக் கணக்கு. கைக்கு வருவதோ 40,500. “மீதி 4,500 எங்கே போகிறது ஐயா? படிக்கிற பிள்ளைக்கும் வரியா?” என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வி சிறியது. விடையோ சற்று நீண்டது. மருத்துவம் பயில விரும்பும் மாணவர்களும், பயின்றுகொண்டிருப்பவர்களும், அவர்களுக்காகக் கடன் சுமக்கும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஆதலால் அவ்விடையையே இன்று கூறலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் இந்த வரியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் வெறுமையான கருவூலத்தை நிரப்ப, ஜேம்ஸ் வில்சன் என்னும் ஆங்கிலேயர் 1860இல் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தார். ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் குறைந்தவர்களுக்கு அன்றும் வரி இல்லை. அவ்வரியை எதிர்த்து முதலில் எழுந்த பெருங்குரல் சென்னையிலிருந்து எழுந்தது என்பது பலரும் அறியாத செய்தி. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரவெல்யன், இவ்வரி இந்நாட்டுக்கு ஒவ்வாது என்று குறிப்பு எழுதியதோடு நில்லாமல் அதனை வெளியிட்டும் விட்டார். பதவியிலிருந்து அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வில்சனும் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் காலமானார். வரி மட்டும் நின்றும் தொடர்ந்தும், 1886, 1922, 1961 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வழியாக வளர்ந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைபெறுமாறு 2025இல் ஒரு புதிய சட்டம் இயற்றப்பட்டது. பிரிவு எண்கள் அதில் மாறியுள்ளன. நான் கூறப்போகும் அடிப்படைகள் மாறவில்லை. மாணவர்கள் பழைய எண்களையே பெரிதும் கேள்விப்பட்டிருப்பார்கள் ஆதலால் அவற்றையே இங்கும் குறிப்பிடுகிறேன்.

இனி மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். விலக்கு, கழிவு, தள்ளுபடி என்பன அவை. பெரியவருக்கு நான் களத்துமேட்டை வைத்தே விளக்கினேன். நெல்லை அளப்பதற்கு முன்பே விதைநெல்லைத் தனியே ஒதுக்கிவிடுகிறோம்; அது அளவுக்கே வருவதில்லை. விலக்கு என்பது அது. அளந்த பிறகு பதருக்கும் ஈரத்துக்குமாக இத்தனை படி என்று குறைக்கிறோம், அது கழிவு. எல்லாம் அளந்து, விலை போட்டு, தரவேண்டிய தொகை இவ்வளவு என்று முடிவான பிறகு, “போகட்டும், சிறிய கணக்குத்தானே” என்று விட்டுவிடுவது தள்ளுபடி. வருமான வரியில் குழப்பம் விளைவது பெரும்பாலும் இம்மூன்றையும் ஒன்றென எண்ணுவதால்தான்.

பயிற்சி மருத்துவர் பெறும் தொகை இவற்றுள் எதில் அடங்கும்? கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உதவித்தொகை வருமானத்தில் சேராது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(16) பிரிவு கூறியது. பட்டமேற்படிப்பு மாணவர் வாங்குவது இத்தகைய உதவித்தொகை என்றால் அது விதைநெல், அளக்கவே வேண்டியதில்லை. அன்று, அது செய்த வேலைக்குக் கொடுத்த ஊதியம் என்றால், அளந்தே தீரவேண்டும். ஆக, வழக்கின் அச்சு ஒரே ஒரு சொல். பயில்பவரா, பணியாளரா?

இரண்டும்தான் என்று மருத்துவமனையை அறிந்த எவரும் கூறுவர். ‘ரெசிடெண்ட்’ என்னும் சொல்லே மருத்துவமனையில் தங்கியிருப்பவர் என்று பொருள்படுவது. அமெரிக்காவில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், இளம் மருத்துவர்கள் அங்கேயே உறைந்து பல ஆண்டுகள் தொழில் பயிலும் முறை உருவாயிற்று. நம் நாட்டில் ஹவுஸ் சர்ஜன் என்று வழங்கும் பெயரும் அதே கருத்துடையதே. எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்மேல் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி. எம்.டி., எம்.எஸ். பட்டங்களுக்கு மேலும் மூன்று ஆண்டுகள். அவ்வாண்டுகளில் அவர்கள் காலையில் பாடம் கேட்கிறார்கள். இரவில் நோயாளியின் நாடி பார்க்கிறார்கள். உறைவிட மருத்துவர்களின் பணி நேரம் வாரத்துக்கு 48 மணிக்கு மேற்படலாகாது என்று மைய அரசு 1992இல் நெறி வகுத்தது. அந்நெறி எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைச் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி போன்றதொரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓர் இரவு அமர்ந்திருப்பவர்கள் தாமே அறியலாம்.

இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அங்கே ஊதியத்தில் சமூகப் பாதுகாப்புக்கென்று ஒரு வரி பிடிக்கிறார்கள். தாம் பயிலும் கல்லூரியிலேயே பணிபுரியும் மாணவருக்கு அதில் விலக்கு உண்டு. தம் உறைவிட மருத்துவர்கள் மாணவர்களே என்று மேயோ நிறுவனத்தார் வாதாடினர். வாரத்துக்கு 40 மணி அல்லது அதற்கு மேல் வேலை செய்பவரை மாணவராகக் கொள்ளலாகாது என்று அரசின் கருவூலத்துறை விதி செய்திருந்தது. 2011 ஜனவரியில் நீதிமன்றம் அவ்விதி ஏற்கத்தக்கதே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மணிக்கணக்கை வைத்து அவர்கள் முடிவு கட்டினார்கள். நம் நாட்டில் பார்வை வேறு. கொடுத்த தொகையின் நோக்கம் யாது என்பதையே இங்கு ஆராய்கிறார்கள். கல்விச் செலவு என்பது கட்டணம் மட்டுமன்று, கல்வி பெறுவதற்கு இன்றியமையாத பிற செலவுகளும் அதில் அடங்கும் என்று விரிந்த பொருள் கொண்ட தீர்ப்புகள் உண்டு. பட்டமேற்படிப்பு மருத்துவரின் தொகையை உதவித்தொகையாகவே தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்ட வழக்கும் உண்டு. ஆயினும் ஒவ்வொரு வழக்கும் அதனதன் ஆவணங்களைப் பொறுத்தது. நியமன ஆணையில் ‘ஊதியம்’, ‘படிகள்’, ‘விடுப்பு’ என்ற சொற்கள் இருந்தால் விலக்குக் கோருவது கடினம். ஆதலால் கல்லூரியில் சேரும்போது கொடுக்கும் தாளை மடித்துப் பெட்டியில் போடாமல் ஒருமுறை வாசித்துவிடுவது நன்று.

பெரியவரின் மகளுடைய தாளை வாசித்தேன். உதவித்தொகை என்றுதான் இருந்தது. ஆனால் கல்லூரியின் கணக்கர் அதனை ஊதியமாகவும் கொள்ளவில்லை, உதவித்தொகையாகவும் கொள்ளவில்லை. மூன்றாவதாக, வெளியிலிருந்து வரும் மருத்துவருக்குக் கொடுக்கும் தொழிற்கட்டணமாகக் கருதி நூற்றுக்குப் பத்து வீதம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆண்டொன்றுக்கு 54,000 ரூபாய்! சொந்தமாக மருத்துவமனை நடத்தாத பெண்ணுக்குத் தொழிற்கட்டணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க அங்கே எவரும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. 2025–26 நிதியாண்டின் புதிய வரிமுறையை எடுத்துக்கொள்வோம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன்மேல் 8 லட்சம் வரை நூற்றுக்கு 5. ஆண்டுக்கு 5,40,000 ரூபாய் பெறும் இப்பெண்ணின் தொகை உதவித்தொகை என்றால், வரி இல்லை. ஊதியம் என்றால், நிலைக்கழிவு 75,000 போக 4,65,000, வரி 3,250. தொழில் வருமானம் என்றே வைத்துக்கொண்டு எதையும் கழிக்காவிட்டால், வரி 7,000. ஆனால் வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்கு மேற்படாதவர்களுக்கு அந்த வரி முழுவதும் தள்ளுபடி. எவ்வழியில் சென்றாலும் அவள் செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை. பிடித்த 54,000மும் அவளுக்கே திரும்ப வேண்டியது.

ஆனால் அது தானாகத் திரும்பாது. வருமான அறிக்கை தாக்கல் செய்தால்தான் திரும்பும். “வரி இல்லாதவனுக்கு அறிக்கை எதற்கு?” என்று எண்ணிப் பல பயிற்சி மருத்துவர்கள் வாளாவிருந்துவிடுகிறார்கள். பிடித்தம் செய்த வரி எவ்வளவு என்பதை வருமான வரித்துறையின் இணையதளத்தில் 26ஏஎஸ் என்னும் படிவத்தில் தம் நிரந்தரக் கணக்கு எண்ணைக் கொண்டு எவரும் பார்த்துக்கொள்ளலாம். உரிய நாள் கடந்தாலும் டிசம்பர் 31 வரை காலங்கடந்த அறிக்கை அளிக்க இடமுண்டு. அதற்கும் பின்னர்ப் புதுப்பித்த அறிக்கை என்று ஒன்று உண்டெனினும், அதனைக் கொண்டு பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. தாமதத்தைப் பொறுத்தருளுமாறு தனியே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பெரியவர் என்னிடம் வந்தது டிசம்பர் 27ஆம் நாள்.

அறிக்கையை அன்றிரவே மகளைக் கொண்டு அனுப்பச் செய்தோம். தாள் கத்தை அத்துடன் தீரவில்லை. அதில் கடன் பத்திரங்கள் இருந்தன. இக்குடும்பத்தின் உண்மையான சுமை அங்கேதான் இருந்தது.

மகளின் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு இரண்டு கடன்கள். ஒன்று வங்கியில் வாங்கிய கல்விக் கடன்; மகளே கடனாளி, தந்தை உடன் கையொப்பமிட்டவர். மற்றொன்று தாயின் நகைகளை அடகுக்கடையில் வைத்துத் தந்தை தம் பெயரில் வாங்கியது. உயர்கல்விக் கடனுக்குச் செலுத்தும் வட்டி முழுவதையும், உச்சவரம்பு எதுவுமின்றி, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 80ஈ பிரிவு இடம் தருகிறது. அசலுக்குக் கழிவில்லை, வட்டிக்கு மட்டுமே. தனக்காகவோ, கணவன் அல்லது மனைவிக்காகவோ, மக்களுக்காகவோ கடன் வாங்கியவர் தம் வருமானத்திலிருந்து வட்டி செலுத்தினால் அவருக்கு இச்சலுகை உண்டு. கடன் கொடுத்தது வங்கியாகவோ, அரசு அறிவித்த நிதி நிறுவனமாகவோ, அங்கீகாரம் பெற்ற அறநிறுவனமாகவோ இருத்தல் வேண்டும். அடகுக்கடையும் மாமன் வீட்டுக் கைம்மாற்றும் இதில் சேரா. எனவே நகைக்கடனின் வட்டி கணக்குக்கு உதவாது. அது வங்கியிலேயே தந்தை பெயரில் வாங்கிய கல்விக் கடனாக இருந்திருந்தாலும் பயன் குறைவே. ஏனெனில் வேளாண்மை வருமானத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. வரி கட்டாத உழவருக்கு வட்டிக் கழிவு, ஊமை கண்ட கனவு போன்றது. நாளை வரி செலுத்தப்போகும் மகளின் பெயரில் கடன் இருப்பதே குடும்பத்துக்கு நலம். கடன் வாங்கும் நாளன்று எவரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாள்தான் கண்முன் நிற்கும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. இவ்வட்டிக் கழிவு எட்டு ஆண்டுகளுக்கே கிடைக்கும். அவ்வெட்டு ஆண்டுகள் தொடங்குவது படிப்பு முடிந்த நாளிலிருந்து அன்று. முதன்முதலாக வட்டி செலுத்தத் தொடங்கிய ஆண்டிலிருந்து. படிக்கும்போதே, வரி கட்டவேண்டிய வருமானம் இல்லாத காலத்திலேயே, மகள் வட்டி கட்டத் தொடங்கினால், மூன்று நான்கு ஆண்டுகள் பயனின்றிக் கழிந்துவிடும். அதற்காக வட்டியைக் கட்டாமல் ஏறவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. கழிவினால் மிஞ்சுவது வட்டியின் ஒரு பகுதி. கட்டாமல் விட்டால் ஏறுவதோ முழு வட்டி. பெரியவரிடம் இதைக் கூறியபோது, “வரப்பைக் காக்க வயலை விடுவதா?” என்று அவரே சிரித்தார்.

இனிப் பெற்றோரின் மருத்துவச் செலவு. மருத்துவக் காப்பீட்டுக்குச் செலுத்தும் தவணைத் தொகைக்கு, தமக்கும் மனைவி மக்களுக்குமாக 25,000 ரூபாயும், பெற்றோர் அறுபது வயது கடந்தவராயின் அவர்களுக்காக மேலும் 50,000 ரூபாயும் 80டி பிரிவில் கழிக்கலாம். பெற்றோர் தம்மையே சார்ந்து வாழ்பவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. காப்பீடு எடுக்காத முதியவராயின் அவருக்காகும் மருத்துவச் செலவையே அந்த 50,000 வரம்புக்குள் கழிக்கலாம். ஒன்றை மறக்கலாகாது. ரொக்கமாகக் கொடுத்த தொகைக்குக் கழிவில்லை. முன்தடுப்புப் பரிசோதனைக்கான 5,000 ரூபாய் மட்டுமே இதற்கு விலக்கு. நம் ஊர்களில் மருந்துக்கடைக்குச் செல்பவர் மடியிலிருந்து நோட்டை எடுத்துத்தானே கொடுக்கிறார்! முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர் அதற்காகக் கழிவு கேட்பதும் பொருந்தாது. அதற்குத் தவணை செலுத்துவது அரசே.

புற்றுநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு முதலிய குறித்த சில நோய்களின் சிகிச்சைக்கு 80டிடிபி பிரிவில் 40,000 வரையும், நோயாளி முதியவராயின் 1,00,000 வரையும் கழிவு உண்டு. இதற்கு அந்தந்தத் துறை வல்லுநர் எழுதிய மருந்துச்சீட்டு வேண்டும். மகள் மருத்துவராக இருந்தும், வல்லுநர் பட்டம் பெறும்வரை தந்தைக்கு அவள் எழுதும் சீட்டு இக்கணக்கில் செல்லாது. இளைய மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு 80சி பிரிவில் பெற்றோர் கழிவு பெறலாம். அக்காள் கட்டினால் பெற முடியாது. மருத்துவ நூல்கள், ஸ்டெதாஸ்கோப், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைக் கழிக்கலாமா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஊதியம் பெறுவோருக்கு நிலைக்கழிவு ஒன்றே எல்லாவற்றுக்கும் ஈடு. தனித்தனியே கழிக்க இடமில்லை.

இவ்வளவும் கூறிய பிறகு ஓர் உண்மையை மறைப்பது முறையாகாது. 80சி, 80டி, 80ஈ முதலிய இக்கழிவுகள் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவருக்கே உரியவை. 2023–24 முதல் புதிய முறையே இயல்பான முறை ஆயிற்று. பழையதை வேண்டுவோர் உரிய நாளுக்குள் அறிக்கையளித்துக் கேட்டுப் பெறவேண்டும். பெரியவரின் மகளுக்கு இப்போது எதுவும் தேவையில்லை. படிப்பை முடித்து, புதுச்சேரி ஜிப்மர் போன்ற மைய அரசு நிறுவனத்தில் முதுநிலை உறைவிட மருத்துவராகச் சேர்ந்தால் நிலைமை வேறு. அங்கே அடிப்படை ஊதியம் மாதம் 67,700 என்று ஏழாவது ஊதியக்குழுவின் அட்டவணையில் தொடங்குகிறது, படிகளும் சேரும். ஆண்டு ஊதியம் 16 லட்சம் என்று வைத்துக் கணக்கிட்டுக் காட்டினேன்.

புதிய முறையில் நிலைக்கழிவு போக 15,25,000. வரி 1,08,750, கல்வி, நல்வாழ்வுக்கான கூடுதல் வரி நூற்றுக்கு 4 சேர்த்து 1,13,100. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, சேமிப்பு 1,50,000, கல்விக் கடன் வட்டி 2,40,000, தனக்கும் பெற்றோருக்குமான காப்பீடு 75,000 ஆகியவற்றைக் கழித்தால் 10,85,000. கூடுதல் வரியோடு 1,43,520. இவ்வளவு கழித்தும் பழைய முறையே கூடுதல்! ஆனால் அவள் வாடகை வீட்டில் குடியிருந்து, வாடகைப்படியில் 1,80,000 விலக்குப் பெறுவாளாயின், வரி 97,240 ஆகக் குறைந்து, 15,860 ரூபாய் மிச்சப்படுகிறது. எது நல்லது என்று எல்லாருக்கும் பொதுவாகக் கூறும் நண்பர்களின் பேச்சை நம்பாதீர்கள். ஒவ்வொருவரும் தம் எண்களைப் போட்டுப் பார்த்தே அறிய வேண்டும். ஊதியம் பெறுவோர் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். சொந்தமாக மருத்துவமனை வைத்துத் தொழில் வருமானம் பெறத் தொடங்கியவர்களுக்கு அவ்வுரிமை இல்லை. பழையதற்குச் சென்றவர் புதியதற்கு ஒருமுறையே திரும்பலாம்.

பெரியவர் கணக்கெழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாசி மாதத்தில் 54,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டு தாயின் நகைகளில் ஒரு பகுதியை மீட்டார்கள். இளைய மகன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கல்விக் கடன் விண்ணப்பம் வாங்கச் சென்றபோது, கடனாளி என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று வங்கி அலுவலர் கேட்பதற்கு முன்பே, பெரியவர் மகனை முன்னே தள்ளிவிட்டாராம்.